நிலமில்லாதவளின் அறுப்பு

தியானப் பகுதி: லேவியராகமம் 19:9, 10, ரூத் 2:14-18, ஆமோஸ் 7:14





மாசி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. நெல் அறுவடை முடிந்து களங்கள் ஓய்ந்திருக்கின்றன. இந்த நாட்களில் ஒருவரும் விதைக்காத, ஒருவரும் தண்ணீர் பாய்ச்சாத, ஒருவருடைய கணக்கிலும் வராத ஓர் அறுவடை நம் ஊர்ப் புறங்களில் நடந்துகொண்டிருக்கிறது. இலந்தை பழுத்து உதிர்கிறது. செம்மண் தேரியின் ஓரங்களிலும், குளத்துக் கரைகளிலும், நம் ஆலயத்துக்குப் பின்னே கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வெற்றுநிலத்திலும் விடியற்காலையில் சில பெண்கள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழத்தையும், அது வீட்டில் வடையாகத் தட்டப்பட்டுக் காய்ந்து பல மாதங்களுக்கு உணவாவதையும், அதைப் பொறுக்கும் கைகளையும் குறித்து இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இதற்கு ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இலந்தை எளிய மரம். மழை பொய்த்த ஆண்டிலும் காய்ப்பது. அதன் ஆணிவேர் ஆழ இறங்கி, மேலே நிற்கும் நமக்குத் தெரியாத ஈரத்தைத் தேடிப் பருகுகிறது. இலையின் மேற்புறம் பச்சை. அடிப்புறம் வெண்மையான மென்பஞ்சு போர்த்தியது போலிருக்கும். இலைக் காம்பின் அடியில் முட்கள் இரட்டையாக நிற்பதைப் பல கிளைகளில் காணலாம். இரண்டில் ஒன்று நேராக நீண்டிருக்கும். மற்றொன்று கொக்கிபோல் பின்னோக்கி வளைந்திருக்கும். கையை உள்ளே நீட்டும்போது நேர்முள் குத்தும். கையை வெளியே இழுக்கும்போது வளைந்த முள் பிடித்துக்கொள்ளும். இலந்தை மரத்தடியில் அவசரக்காரருக்கு இடமில்லை என்பதை அந்த முட்களே கற்பித்துவிடும்.

என் சிறுபிராயத்தில் எங்கள் ஆச்சி பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொழுது விடியும் முன்பே தேரிப் பக்கம் போவார். கையில் ஒரு தொரட்டிக் கம்பு, ஒரு பழைய சேலை, பனையோலைப் பெட்டிகள் இரண்டு. மரத்தடியில் சேலையை விரித்து, கொப்பைத் தொரட்டியால் பற்றி மெதுவாக ஓர் உலுக்கு உலுக்குவார். பழுத்தது உதிரும். உதிராததை அவர் அடித்து வீழ்த்தமாட்டார். "இன்னும் பழுக்காதது நாளைக்கு வாறவனுக்கு" என்பார். ஒரு மரத்தை ஒரு நாளில் ஒரு முறைதான் உலுக்கலாம். கொப்பை ஒடிக்கக் கூடாது. மரத்தை முற்றிலும் காலி செய்துவிட்டு வரக் கூடாது. இவை அவர் எழுதிவைத்த சட்டங்கள் அல்ல. அவருடைய தாயிடமிருந்து அவருக்கு வந்தவை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு வேதசாஸ்திரக் கல்லூரியில் உபாகமம் படித்துக்கொண்டிருந்தபோது, 24ஆம் அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில் என் விரல் நின்றுவிட்டது. ஒலிவமரத்தை ஒருமுறை உதிர்த்தபின் விடுபட்டவற்றுக்காகக் கிளை கிளையாகத் திரும்பத் தேடாதே, அது அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்று மோசே கட்டளையிடுகிறார். ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆயினும் அந்தக் கட்டளை அவருடைய தொரட்டிக் கம்பின் நுனியில் இருந்தது.

பழங்கள் வீட்டுக்கு வந்தபின் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். நன்கு திரண்டு சிவந்தவை அன்றே தின்பதற்கு. சுருங்கத் தொடங்கிய செம்பழுப்புப் பழங்கள் வடைக்கு. புழு விழுந்தவை ஆட்டுக்கு. இலந்தையில் பழ ஈயின் புழு மிகுதியாக இருக்கும்; ஆகையால் ஒவ்வொரு பழத்தையும் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் ஒதுக்கவேண்டும். இந்த வேலையில்தான் சிறுவர்களாகிய எங்களுக்குப் பங்கு. வாய்க்குப் போவது அதிகமா, குவியலுக்குப் போவது அதிகமா என்று ஆச்சி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.

இலந்தை வடை செய்வதை இன்றைய இளம் தாய்மார் பலர் கேட்டிருப்பீர்களே தவிர பார்த்திருக்கமாட்டீர்கள். ஆகையால் எங்கள் வீட்டு முறையை இங்கே எழுதிவைக்கிறேன். பழங்களைக் கழுவித் துடைத்து, தோல் சுருங்கும்வரை இரண்டு நாள் வெயிலில் போடவேண்டும். ஒரு கிலோ பழத்துக்கு எட்டு மிளகாய் வற்றல், ஒரு சிறு எலுமிச்சை அளவு புளி, 200 கிராம் கருப்பட்டி, சுண்டைக்காய் அளவு பெருங்காயம், வேண்டிய உப்பு. முதலில் வற்றலையும் உப்பையும் பெருங்காயத்தையும் உரலில் இட்டு இடிக்கவேண்டும். பிறகு புளியையும், பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் சேர்க்கவேண்டும். கொட்டை தூளாகிவிடாமல் சதை மட்டும் பிரிந்து குழையும்படி உலக்கையைப் பதமாகப் போடுவதுதான் இதில் கைப்பழக்கம். கடைசியில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு இரண்டு இடி. தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு வடையாகத் தட்டி, ஓலைப் பாயில் பரப்பி, மேலே மெல்லிய துணியால் மூடி, நான்கைந்து நாள் காயவைக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் திருப்பிப் போடவேண்டும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடவேண்டும். மாசிப் பனி பட்டால் பூசணம் பிடித்துவிடும்.

உப்பும் கருப்பட்டியும் பழத்தின் ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. வெயில் மிச்ச ஈரத்தையும் வாங்கிவிடுகிறது. புளிப்பு மிகுந்த, ஈரமற்ற அந்தச் சதையில் கெடுக்கும் கிருமிகள் பிழைக்க வழியில்லை. ஆகையால் மாசியில் தட்டிய வடை ஐப்பசி மழை வரைக்கும் இருக்கும். மழை தொடங்குமுன் ஒருமுறை வெளியே எடுத்து வெயில் காட்டிவிட்டால் கார்த்திகையையும் தாண்டும். கூலி வேலை இல்லாத மழைநாட்களில், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாத வீடுகளில், அந்த ஒரு துண்டு வடையின் உறைப்பும் புளிப்பும் இனிப்பும் கஞ்சியை இறக்கிவிடும். ஆச்சி அதை மண்கலயத்தில் அடுக்கி வாய்கட்டி வைத்திருப்பார். நாங்கள் கேட்டால் எளிதில் கிடைக்காது. பிள்ளைபெற்ற மகள் வந்திருக்கிறாள், காய்ச்சலில் வாய் கசந்து ஒருவர் படுத்திருக்கிறார், அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் கலயம் தானாகத் திறக்கும்.

பிரியமானவர்களே, சேர்த்துவைப்பதைக் குறித்து வேதம் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று வைத்தவர்களின் பாத்திரத்தில் புழு நெளிந்தது. ஆனால் ஓய்வுநாளுக்காக வைத்தபோது அதே மன்னா நாறவில்லை. அதில் ஒரு ஓமர் அளவு எடுத்துப் பிற்காலச் சந்ததியார் காணும்படி கலசத்தில் வைக்கவும் கர்த்தரே சொன்னார் (யாத்திராகமம் 16). தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானை மதிகேடன் என்று தேவன் அழைத்ததாக ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா 12இல் வாசிக்கிறோம். யோசேப்போ ஏழு ஆண்டுகள் தானியத்தைச் சேர்த்துவைத்தான். அதனால் தேசங்கள் பிழைத்தன. அப்படியானால் சேர்த்துவைப்பது அவிசுவாசமா, விசுவாசமா?

இந்தக் கேள்வியை இளவயதில் நான் பெரிய நூல்களில் தேடினேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது: கலயத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது, கலயத்தின் வாய் யாருக்காகத் திறக்கும் என்பதைக் கொண்டுதான் தீர்க்க முடியும். அந்த ஐசுவரியவானின் பேச்சை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அவன் தன்னோடு மட்டுமே பேசிக்கொள்கிறான். அவனுடைய திட்டத்தில் வேறொரு மனிதனும் இல்லை. யோசேப்பின் களஞ்சியமோ பசித்தவர்கள் வரப்போகிறார்கள் என்று எண்ணியே கட்டப்பட்டது. இன்னும் வராத ஒருவருடைய பசியை இன்றே நினைத்துப் பார்த்து அதற்காக உழைப்பது அன்பின் ஒரு வடிவம். பழத்தைப் பக்குவப்படுத்தி வைக்கும் தாய்மார் இதைப் பிரசங்கம் கேளாமலே அறிந்திருக்கிறார்கள்.

ரூத்தின் சரித்திரத்தில் இதற்கு அழகான சான்று உண்டு. போவாசின் வயலில் கதிர் பொறுக்க வந்த அந்த மோவாபியப் பெண்ணுக்கு மதிய வேளையில் வறுத்த கோதுமை கொடுக்கப்படுகிறது. அவள் திருப்தியாகச் சாப்பிடுகிறாள், மீதி வைக்கிறாள். அந்த மீதியை நாமும் கடந்து போய்விடுகிறோம். ஆனால் நான்கு வசனங்களுக்குப் பிறகு அது திரும்ப வருகிறது. பொறுக்கிய வாற்கோதுமையோடு, தான் சாப்பிட்டு மீதியாக்கியதையும் மாமியாகிய நகோமியின் கையில் கொடுக்கிறாள். அந்நிய தேசத்தில், அந்நியன் வயலில், நாள் முழுவதும் குனிந்து களைத்த ஒருத்தி, கைக்கு எட்டிய உணவின் நடுவிலும் வீட்டில் காத்திருக்கும் முதியவளை மறக்கவில்லை. ஐந்து அப்பங்களால் ஐயாயிரம்பேர் உண்டபின் மீந்த துணிக்கைகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்ன நம் ஆண்டவர் (யோவான் 6:12) அந்த ரூத்தின் வம்சத்தில் பிறந்தவர் என்பதை நினைக்கும்போது என் உள்ளம் மகிழ்கிறது.

பொறுக்குதல் என்ற சொல் நம் நாவில் சற்றுத் தாழ்ந்துபோன சொல். "பொறுக்கி" என்று ஒருவரைத் திட்டுகிறோம். ஆனால் வேதத்தில் ஒரு பெரிய தீர்க்கதரிசி தன்னை அந்தச் சொல்லாலேயே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா, ராஜாவின் பரிசுத்த ஸ்தலத்தில் உனக்கு என்ன வேலை என்று ஆமோசைத் துரத்துகிறான். அப்போது ஆமோஸ், தான் தீர்க்கதரிசியின் மகன் அல்ல என்றும், மந்தை மேய்த்துக் காட்டத்திப் பழங்களைப் பொறுக்கி வந்தவன் என்றும் பதில் சொல்வதை நம் தமிழ் வேதாகமம் காட்டுகிறது. எபிரெய மூலத்தில் அங்கே வரும் தொழிற்பெயர் வேதாகமம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருவது. காட்டத்திக் காயைக் கீறிவிட்டுப் பழுக்கவைக்கும் தொழிலை அது குறிக்கிறது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். காட்டத்தி அந்தக் காலத்தில் எளியவர்களின் பழம். அதைப் பொறுக்கிக் குனிந்த முதுகுதான் ராஜாவின் ஆசாரியனுக்கு முன்பாக நிமிர்ந்து நின்றது. எளியவர்களை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்கிறார்கள் என்று குமுறியதும் அதே வாய்தான் (ஆமோஸ் 2:6). மரத்தடியில் யார் யார் வந்து குனிகிறார்கள், எந்த வீட்டில் பசி என்பது பொறுக்குகிறவனுக்குத் தெரியும். அமத்சியாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இப்போது லேவியராகமத்துக்கு வருவோம். உன் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, திராட்சத் தோட்டத்தில் உதிர்ந்ததைச் சேர்க்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது கட்டளை. இதை நாம் தர்மம் செய்தல் என்று எளிதாக விளங்கிக்கொள்கிறோம். ஆனால் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்து அதில் ஒரு படி அளந்து கொடு என்று கர்த்தர் சொல்லவில்லை. அறுக்காமலே விட்டுவிடு என்கிறார். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அளந்து கொடுக்கும்போது கொடுப்பவன் மேலே நிற்கிறான், வாங்குகிறவன் கீழே நிற்கிறான். விட்டுவிடும்போது எளியவன் தானே வந்து, தன் கையால் அறுத்து, தன் தலையில் சுமந்து, தன் வீட்டுக்கு உழைப்பாளியாகத் திரும்புகிறான். யாருக்கும் அவன் கும்பிடு போடவேண்டியதில்லை. பிற்கால யூத ரபீமார் இந்த ஓரத்துக்கென்றே மிஷ்னாவில் ஒரு தனிப் பகுதியை வகுத்து, அது வயலில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று விதித்தார்கள்.

அதே மிஷ்னாவில் இன்னொரு பகுதி உண்டு. தசமபாகம் செலுத்தப்பட்டதோ இல்லையோ என்று ஐயமுள்ள விளைபொருளைப் பற்றியது அது. அதன் தொடக்கத்திலேயே அந்த ஐயத்தில் தளர்வு காட்டப்படும் பழங்களின் பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியலில் காட்டத்தி இருக்கிறது. இலந்தை இனத்தைச் சேர்ந்தது என்று பொதுவாக அடையாளம் காட்டப்படும் ஒரு பழமும் இருக்கிறது. ஏன் இந்தத் தளர்வு என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம், இவை பெரும்பாலும் உடைமையாளர் இல்லாத மரங்களிலிருந்து வருபவை என்பது. உடையவன் இல்லாத பழத்துக்குக் காணிக்கைக் கடனும் இல்லை.

இதை வாசித்தபோது எனக்குக் கடந்த ஆண்டு நம் அறுப்பின் பண்டிகை நினைவுக்கு வந்தது. ஆலயத்தின் முகப்பில் நெல் மூட்டைகளும் வாழைத்தார்களும் கருப்பட்டிச் சிப்பங்களும் தேங்காய்க் குலைகளும் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாரும் படைத்து முடித்தபின் நம் சபையின் விதவைத் தாயார் ஒருவர் சேலை முந்தானையில் மறைத்தபடி ஒரு சிறிய ஓலைப் பெட்டியைக் கொண்டுவந்து, வாழைத்தாருக்குப் பின்னே யாருக்கும் தெரியாதபடி வைத்தார். திறந்தால் இலந்தை வடை. ஆராதனை முடிந்தபின் அவரிடம், "அம்மா, இதை மழைக்காலத்துக்கு வைத்திருக்கலாமே" என்றேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஐயா, நமக்கு வயக்காடு கெடையாது. நான் விதைக்கவும் இல்ல, தண்ணி பாய்ச்சவும் இல்ல. கர்த்தர் உதுத்தாரு, நான் பொறுக்குனேன். அதுல அவருக்கு உள்ளத குடுக்காண்டாமா?"

ஏலத்தில் அந்தப் பெட்டி 40 ரூபாயில் தொடங்கி 650 ரூபாய்க்குப் போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எடுத்த அண்ணாச்சி அங்கேயே பெட்டியைத் திறந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். ஆனால் அன்று நான் ஏலத்தொகையை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மிஷ்னாவின் கணக்கில் கடனே இல்லாத ஒரு பழத்திலிருந்து அந்தத் தாய் காணிக்கை கொண்டுவந்தாரே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் எல்லாரும் நம் நிலத்திலிருந்து கொண்டுவந்தோம். அவர் கர்த்தருடைய நிலத்திலிருந்து கொண்டுவந்தார்.

முதலில் சொன்ன காரணத்துக்கு இப்போது வருகிறேன். அந்த இலந்தைகள் உதிர்ந்தது நம் ஆலயத்தின் பின்னுள்ள வெற்றுநிலத்தில். அங்கே சிறிதும் பெரிதுமாக 11 மரங்கள் நிற்கின்றன. வருகிற மாதக் கமிட்டியில் அந்த நிலத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் திட்டம் பேசப்படவிருக்கிறது. சுவர் வேண்டும் என்பவர்களின் நியாயத்தை நான் மதிக்கிறேன். இரவில் அங்கே குடிக்க வருகிறார்கள். குப்பை கொட்டுகிறார்கள். எல்லைக் கல்லை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். நம் முன்னோர் உறங்கும் இடத்துக்குள் ஆடுகள் புகுந்துவிடுகின்றன. சபையின் சொத்தைக் காப்பதும் நமக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்புதான். ஆனால் சுவரோடு சேர்த்து வேறு இரண்டு யோசனைகளும் வந்திருக்கின்றன. முள்மரங்களை வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்பது ஒன்று. வெட்டவேண்டாம், பழத்தைக் குத்தகைக்கு விட்டால் ஆண்டுக்கு 3,000 ரூபாயாவது சபைக்கு வரும் என்பது மற்றொன்று.

உங்கள் குருவானவராக என் மனதிலுள்ளதை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். 3,000 ரூபாய் நம் சபையின் வரவுசெலவில் ஒரு வரி. அந்தத் தாயாருக்கும், அவரோடு விடியற்காலையில் வருகிற ஏழெட்டுப் பெண்களுக்கும் அது ஆண்டின் ஒரே அறுவடை. அவர்களில் சிலர் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். லேவியராகமம் பரதேசி என்ற சொல்லை எளியவனுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். மரங்களைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கிடைக்கும் தொகையில் கிறிஸ்துமஸ் நாளில் அந்தப் பெண்களுக்கு ஆளுக்கொரு சேலை கொடுக்கலாம் என்றும் ஒரு சகோதரர் நல்லெண்ணத்தோடு சொன்னார். அளந்து கொடுப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் நம்முன் வருகிறது. பொறுக்கி உண்டவரை வரிசையில் நின்று வாங்குகிறவராக நாம் ஆக்கிவிடக் கூடாது.

ஆகவே கமிட்டியின் முன் நான் வைக்கப்போவது இதுதான். சுவர் எழும்பட்டும். கல்லறைத் தோட்டம் காக்கப்படட்டும். ஆனால் 11 மரங்களும் நிற்கட்டும். கிழக்கேயும் தெற்கேயும் ஆள் நுழையும் அளவில் இரண்டு வாசல்கள் விடப்படட்டும். தை, மாசி, பங்குனி மாதங்களில் விடியற்காலை முதல் முற்பகல்வரை அவை திறந்திருக்கட்டும். பழத்துக்குக் குத்தகை வேண்டாம், அனுமதிச் சீட்டும் வேண்டாம். செலவு கூடும் என்றால், இரண்டு வாசல்களுக்கான செலவை முதலாவதாக என் குடும்பம் பகிர்ந்துகொள்ளும். உங்களில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் கூட்டத்தில் தயங்காமல் பேசுங்கள். ஜெபத்தோடு கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. லெந்து நாட்களுக்குள் வந்திருக்கிறோம். நம் ஆண்டவரின் சிரசில் சூட்டப்பட்ட முள்முடி எந்த மரத்தின் கிளையால் பின்னப்பட்டது என்று சுவிசேஷகர்கள் எழுதவில்லை. ஆனால் அது பாலஸ்தீனத்து இலந்தையே என்ற நம்பிக்கை மிகப் பழையது. 1753இல் தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் அந்த இலந்தைக்குக் கிறிஸ்துவின் முள் என்று பொருள்படும் பெயரையே வைத்தார். நம் ஊரிலும் இலந்தைக் கிளையை வெட்டி வேலிக்குப் போடுவார்கள்; ஆடும் அந்நியனும் உள்ளே வராமலிருக்க. மனிதர் ஒருவரையொருவர் வெளியே நிறுத்தப் பயன்படுத்திய முள்ளைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டவர், நம் நடுவே நின்ற பிரிவினைச் சுவரைத் தகர்த்தார் என்று அப்போஸ்தலன் எபேசியருக்கு எழுதுகிறார் (எபேசியர் 2:14). அவருடைய பாடுகளைத் தியானிக்கிற நாட்களில் நாம் ஒரு சுவரைப் பற்றி முடிவெடுக்கப்போகிறோம். அந்த முடிவை அவருடைய முகத்தைப் பார்த்து எடுப்போம்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் செய்துபார்க்க ஒரு சிறு காரியம் சொல்கிறேன். நிலமுள்ளவர்கள் உங்கள் நிலத்தின் ஓரம் எது என்று யோசியுங்கள். நிலமில்லாதவர்களுக்கும் ஓரங்கள் உண்டு: சம்பளத்தில் ஓரம், நேரத்தில் ஓரம், அடுக்களையில் ஓரம். அதில் எதைத் தீர அறுக்காமல் விட்டுவைக்கலாம்? வரப்போகிறவர் யாரென்று தெரியாமலே, அவருக்கென்று உங்கள் வீட்டுக் கலயத்தில் எதை எடுத்துவைக்கலாம்? பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு பேசுங்கள். முடிந்தால் ஒரு கிலோ இலந்தை வாங்கி, அல்லது பொறுக்கி, ஒருமுறை வடை தட்டிப் பாருங்கள். காயும்வரை காத்திருப்பதும் ஒரு தியானமே.

ஜெபம்:

வானத்துப் பறவைகளைப் போஷிக்கிற எங்கள் பரம பிதாவே, நாங்கள் விதைக்காததையும் எங்களுக்குப் பழுக்கவைக்கிறீர். உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கைகளில் இருப்பது எல்லாம் உம்முடைய மரத்திலிருந்து உதிர்ந்தது என்பதை நாங்கள் மறவாதிருக்கச் செய்யும். விடியற்காலையில் குனிந்து பொறுக்குகிற கைகளை முள்ளுக்கு விலக்கிக் காத்தருளும். சேர்த்துவைக்கும் கலயங்களைப் பிறர்க்குத் திறக்கும் இருதயம் தாரும். எங்கள் சபை எடுக்கவிருக்கும் தீர்மானத்தில் உம்முடைய சித்தம் நிறைவேறட்டும். முள்முடி சூடிய எங்கள் ஆண்டவர் இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.